ராட்டை சுற்றியவள் ‘முதிர்கன்னி’ ஆன கதை!

ஆபீஸில் டிக்ஷ்னரியும் கையுமாக ஓர் ஆசாமி இருப்பாரே, அவரிடம் ‘‘ஸ்பின்ஸ்டர்னா என்ன சார்?’’ என்று கேட்டுப் பாருங்கள். ‘‘கல்யாணமாகாத பொண்ணு... கொஞ்சம் வயசானவங்க’’ என்பார், குரலைத் தாழ்த்தி.

தப்பில்லை. ஆனால், அது பாதிக் கதைதான். மீதிக்கு ஆரணிக்கு பஸ் ஏறுங்கள்.

பட்டுத்தறி வீடுகளில் குழித்தறியில் கால் விட்டு ஆண் நெய்துகொண்டிருப்பார். பக்கத்தில் ராட்டையைச் சுழற்றி, ஒரு பெண்மணி தார் சுற்றிக்கொண்டிருப்பார். ஊடை இழையைச் சின்னக் குச்சியில் சுற்றித் தரும் வேலை அது. தார் இல்லாமல் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் சேலை ஏது?

இங்கிலாந்தில் ராட்டையை நம்பிப் பிழைத்த பெண்ணுக்கு வைத்த பெயர்தான் ஸ்பின்ஸ்டர். ‘ஸ்பின்’ என்றால் நூற்பது. ‘ஸ்டர்’ என்பது தொழில் செய்யும் பெண்ணைக் காட்டும் பழைய வால். 14-ம் நூற்றாண்டில் அது சுத்தமான தொழில் பெயர். (வெப்ஸ்டர் என்றாலும் ‘நெய்பவர்’தான். டிக்ஷ்னரி ஆசாமிக்குச் சொல்லி வையுங்கள்!)

நூற்றவர்களில் பலர் கல்யாணமாகாதவர்கள். 17-ம் நூற்றாண்டில் பத்திரங்களில் ‘மணமாகாதவள்’ என்பதற்கே இந்த வார்த்தையை எழுத ஆரம்பித்தார்கள். ராட்டை மறைந்தது, கேலி மிஞ்சியது. நம் ஊர் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் மாதிரிப் படிவத்திலும் இந்த வார்த்தை ஏறி உட்கார்ந்தது. இங்கிலாந்திலோ 2005-ல் கல்யாணப் பதிவேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, ‘சிங்கிள்’ என்று போட்டுவிட்டார்கள்.

நம் ஆட்கள் என்ன சொன்னார்கள்? நற்றிணையில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடுகிறார். ஆண் துணை இல்லாத பெண்கள் பாடுபட்டு நூற்ற மெல்லிய நூல்தான் அவருக்குக் கிடைக்கிறது. ‘ஐயோ பாவம்’ இல்லை; கை வேலைக்கு மரியாதை!

இன்றைக்கு? சேலைக்குக் கூலி பெரும்பாலும் தறிக்காரர் பெயரில்தான் வரும். தார் சுற்றியவருக்குத் தனிக் கணக்கு ஏது? ‘‘வீட்ல ஒத்தாசை பண்றாங்க’’ என்பதோடு சரி.

இங்கிலீஷ்காரனாவது பெயர் வைத்துவிட்டுக் கேலி செய்தான். நாம் அந்தப் பெயரைக்கூட வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு எடுக்கப் போகிறீர்களா? சேலையைப் பிரித்துப் பார்க்கும்போது, ‘‘தார் சுத்தினது யாருங்க?’’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டுமே!