நஞ்சை முறிக்கும் குருதி

கிலுகிலுப்பை விரியன் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் நச்சுப்பாம்பு. தோலுரிக்குந்தோறும் அதன் வால்நுனியில் ஒரு வளையம் கூடுகிறது. நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தாலான அவ்வளையங்கள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஒலியே அதன் எச்சரிக்கை. மனிதர் அதைக் கேட்டு விலகுவர். நாயோ குதிரையோ பாம்பை முகர்ந்தறிய முகத்தை நீட்டும். ஆகவேதான் அவ்விலங்குகள் முகத்தில் மிகுதியாகக் கடிபடுகின்றன.

இவ்விரியனின் நஞ்சு, நொதிகள் பலவற்றைக் கொண்ட கலவை. அது குருதி நுண்குழாய்களைச் சிதைக்கிறது, திசுக்களை அழிக்கிறது, குருதி உறையும் இயல்பைக் குலைக்கிறது. கடிபட்ட இடம் வலியுடன் வீங்கிக் கன்றுகிறது.

குதிரைக்கு நேரும் இடர் தனித்தன்மையது. நாயைப் போல வாய்வழியே மூச்சுவிட அதனால் இயலாது. முகவீக்கத்தால் நாசித்துளைகள் அடைபட்டால் அது மூச்சுத்திணறியே இறக்கக்கூடும். எனவே வீக்கம் முற்றுமுன் நாசித்துளைகளில் குழாய்களைச் செருகி மூச்சுவழியைக் காப்பது மருத்துவரின் முதற்கடமை. அது இயலாதபோது கழுத்தில் மூச்சுக்குழலைத் துளையிட்டு வழி அமைப்பர்.

கடிவாயைக் கீறுதல், நஞ்சை உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகியன தீங்கையே விளைவிக்கும். விலங்கை அலையவிடாது அமைதிப்படுத்தி, விரைந்து மருத்துவரிடம் சேர்ப்பதே தக்க முதலுதவி. மருத்துவர் குருதியை ஆய்ந்து, சிரைவழியே நீர்மம் ஏற்றி, வலியைத் தணித்து, தேவைக்கேற்ப நச்சுமுறி மருந்து செலுத்துவார். மருந்தின் அளவு விலங்கின் எடையைப் பொறுத்ததன்று. உடலில் புகுந்த நஞ்சைப் பொறுத்தது. எனவே சிறிய நாய்க்குச் சிறிதளவு போதும் எனக் கருதலாகாது. இம்மருந்து உடலில் உலவும் நஞ்சைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும். ஆனால், அழிந்த திசுவை மீட்டுத் தராது. காலத்தாழ்வு பேரிழப்பாவது இதனாலேயே.

1890களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர்ட் கால்மெட் நாகப்பாம்பின் நஞ்சுக்கு மாற்றுமருந்து கண்டார். பிரேசில் நாட்டு மருத்துவர் வீத்தால் பிரசில், அம்மருந்து தம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சை முறிக்கவில்லை என்பதை ஆய்ந்து கண்டார். ஒரு நஞ்சுக்கு ஆக்கிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது என்னும் உண்மையை நிறுவிய அவர், சாவோ பாவுலோவில் 1901இல் தோன்றிய புட்டான்டன் நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து, கிலுகிலுப்பை விரியனுக்கு உரிய மருந்தையும் உருவாக்கினார்.

உயிர்க்கு ஊறு நேராத சிறு அளவில் நஞ்சைக் குதிரையின் உடலில் செலுத்தி, அந்த அளவைப் படிப்படியாகக் கூட்டுவர். அப்போது அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் புரதங்கள் உருவாகும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்வதால் கிடைப்பதே நச்சுமுறி மருந்து. இன்றும் இவ்வகை மருந்துகள் பல குதிரையின் குருதியிலிருந்தே பெறப்படுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் கடிபட்டு வீழ்ந்த குதிரை மீண்டெழுவதற்கு, எங்கோ ஒரு தொழுவத்தில் நிற்கும் மற்றொரு குதிரை தன் குருதியை ஈந்திருக்கிறது.