சல்லடை கிழிந்தால் என்ன ஆகும்?

குழந்தைகளே! வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கீழே விழும். கப்பி மேலே நிற்கும். சல்லடை கிழிந்துவிட்டால்? கப்பியும் மாவோடு விழுந்துவிடும் அல்லவா? நம் உடலிலும் இப்படிச் சல்லடைகள் உண்டு. அவை இருக்குமிடம் சிறுநீரகம்.

முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் 'நெஃப்ரான்'கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் நூல் பந்து போலச் சுருண்ட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. இவைதான் சல்லடை. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே போய்விடும். ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறும்.

நீர், உப்பு, யூரியா ஆகியவை மிகச் சிறியவை, எளிதில் வடிந்துவிடும். 'அல்புமின்' என்ற புரதம் பெரியது, இரத்தத்திலேயே தங்கிவிடும். சல்லடை பழுதானால் அதுவும் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும்.

ஒழுகினால் என்ன நஷ்டம்? இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அல்புமின்தான். அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து, முகமும் காலும் வீங்கும்.

இதைக் கண்டறிந்த கதை சுவையானது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட். உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்தியில் சூடாக்கினார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல அது உறைந்தது! அதில் இருந்தது அல்புமின். இறந்த நோயாளிகளின் சிறுநீரகங்கள் பழுதாகி இருந்ததையும் கண்டார். 1827-இல் இதை நூலாக வெளியிட்டார். இன்று மெழுகுவர்த்தி வேண்டாம். மருந்து தடவிய சிறு பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் போதும். புரதம் இருந்தால் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும்.

சல்லடை ஏன் பழுதாகிறது? பெரியவர்களுக்கு முக்கியக் காரணங்கள் நீரிழிவும், உயர் இரத்த அழுத்தமும். சிறுவர்களுக்குத் தொண்டைப் புண், சொறி சிரங்கு வந்து சில வாரங்கள் கழித்தும் பாதிப்பு வரலாம். 'நெஃப்ரோடிக்' என்னும் நோயிலும் புரதம் ஒழுகும். இதில் பெரும்பாலான குழந்தைகள் மருந்தால் தேறிவிடுகிறார்கள்.

காய்ச்சலின்போதும், கடுமையாக ஓடியாடிய பின்பும் சிறிது புரதம் வெளியேறி, தானே நின்றுவிடும். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால், காலையில் கண்ணைச் சுற்றி வீக்கமோ, தினமும் சிறுநீரில் நுரையோ தெரிந்தால் கூச்சப்படாமல் அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். சிரங்கு வந்தால் அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி இருந்தால், "சிறுநீர்ப் பரிசோதனை செய்தாயிற்றா?" என்று கேளுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிறுநீரகத்தைக் காக்கலாம்!