கடன் அளவும் வெளியேறும் வாய்ப்பும்: இலங்கைக் கடன் நெருக்கடியில் முதலீட்டாளர் நிலை (2019–2024)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாட்டின் கடன் பெருகும்போது நிதிச் சந்தைகள் நிலைகுலைகின்றன என்பது பொதுவான கருத்தாகும். ஆயினும் அதனால் விளையும் இழப்பு எல்லா முதலீட்டாளர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கடனின் மொத்த அளவைவிட, அது எந்த நாணயத்தில் பெறப்பட்டது, எப்போது திருப்பிச் செலுத்தப்பட வேண்டும், அதை வைத்திருப்பவர் வெளியேற இயலுமா என்பவையே இழப்பைப் பங்கிடுகின்றன. இலங்கையின் கடன் நெருக்கடியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரசுக் கடன், திறைசேரி முறி, பணவீக்கம், கடன் மறுசீரமைப்பு, ஊழியர் சேமலாப நிதியம்

முன்னுரை

அரசுக் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் விகிதமாக அளப்பது பொருளியலார் மரபு. ஜப்பானில் இவ்விகிதம் 200 சதவீதத்தைக் கடந்து பல ஆண்டுகளாகியும் அந்நாட்டு அரசு குறைந்த வட்டியிலேயே கடன் பெற்று வந்துள்ளது. 2021 இறுதியில் ஏறத்தாழ 100 சதவீத அளவில் இருந்த இலங்கையோ, அடுத்த சில மாதங்களில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. எனவே விகிதம் மட்டுமே நெருக்கடியை விளக்கிவிடாது என்பது தெளிவு.

இலங்கை வழக்கில் ஓராண்டுக்கு உட்பட்ட அரசுப் பத்திரம் திறைசேரி உண்டியல் எனவும், நீண்டகாலப் பத்திரம் திறைசேரி முறி எனவும் வழங்கும். இக்கட்டுரையிலும் அச்சொற்களே கையாளப்படுகின்றன.

முறியின் விலையும் வட்டியும்

அரசின் மீதான நம்பிக்கை குறையும்போது முதலீட்டாளர் கூடுதல் வட்டி கேட்கின்றனர். அதன் விளைவாக, முன்பே வெளியிடப்பட்ட முறிகளின் சந்தை விலை வீழ்கிறது. ஓராண்டில் முதிர்ந்து 110 ரூபாய் தரும் ஒரு முறியைக் கொள்வோம். சந்தை வட்டி 10 சதவீதமாயின் அதன் விலை 100 ரூபாய். வட்டி 25 சதவீதமாக உயரின் அதே முறியின் விலை 88 ரூபாயாகும். விலை வீழுமுன் விற்றவர் தப்புகிறார். விற்க இயலாதவரிடம் இழப்பு தங்கிவிடுகிறது. பணவீக்கமும் உடன் உயர்ந்தால், முதிர்வு நாளில் கிடைக்கும் தொகையின் வாங்கும் திறனும் குறைகிறது.

வெளிநாட்டு நாணயக் கடன்

இலங்கை 2007-இல் முதன்முறையாகப் பன்னாட்டுச் சந்தையில் டாலர் முறிகளை வெளியிட்டது. ரூபாய்க் கடனுக்கு மத்திய வங்கி இறுதியில் பணத்தை உருவாக்கித் தர இயலும். டாலரை அவ்வாறு உருவாக்க இயலாது. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பெருந்தொற்றினால் சுற்றுலா வருவாயும் வீழ்ந்தது. 2020-இல் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தமையால், பழைய கடனைப் புதிய கடனால் அடைக்கும் வழி மூடியது.

2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணி இருப்பு கரைந்தது. பயன்படுத்தத்தக்க இருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவென நிதியமைச்சர் 2022 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இந்நிலையிலும், 2022 ஜனவரியில் முதிர்ந்த 50 கோடி டாலர் முறிக்கு முழுத்தொகையும் செலுத்தப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துகை நிறுத்தப்பட்டதால், ஜூலையில் முதிர்ந்த 100 கோடி டாலர் முறிக்குத் தொகை கிடைக்கவில்லை. ஒரே அரசு வெளியிட்ட இரு முறிகளின் தலைவிதியை ஆறுமாத இடைவெளி வேறுபடுத்தியது.

சந்தைகளின் எதிர்வினை

2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி விகிதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கொழும்புப் பங்குச் சந்தை ஏப்ரல் 18 முதல் ஐந்து வணிக நாட்கள் மூடப்பட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு இருந்த வாங்கும் திறன் ஏறத்தாழ 59 ரூபாயாகச் சுருங்கியது என்பதே இதன் பொருள்.

திறைசேரி உண்டியலின் வட்டி அவ்வாண்டில் 30 சதவீதத்தையும் கடந்தது. கையில் பணம் உடையோர் அவ்வட்டியில் முதலிட முடிந்தது. பின்னர் நிகழ்ந்த உள்நாட்டு மறுசீரமைப்பில் மத்திய வங்கியிடம் இருந்தவை தவிர்ந்த உண்டியல்கள் சேர்க்கப்படாமையால், அவர்களது வரவு குறையவில்லை.

வெளியேற இயலாத முதலீட்டாளர்

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ஊழியர் ஊதியத்தில் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் இதற்குச் செலுத்துகின்றனர். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலரின் முதுமைக்காலச் சேமிப்பும் இதுவே. இதன் முதலீட்டில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அரசுப் பத்திரங்களாகும். முதலீட்டு முடிவுகளை மத்திய வங்கி எடுக்கிறது. ஓய்வு வயதுக்கு முன் உறுப்பினர் விரும்பியபடி முழுப் பணத்தையும் பெற இயலாது. இவ்வளவு பெரிய நிதியம் முறிகளை விற்க முற்பட்டால் அவற்றின் விலையும் உடன் சரியும்.

2022-ஆம் ஆண்டுக்கு உறுப்பினர் கணக்கில் சேர்க்கப்பட்ட வட்டி 9 சதவீதம் மட்டுமே. 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் ஓய்வூதிய நிதியங்களுக்கு இரு வழிகளை முன்வைத்தது. ஒன்று, முறிகளை 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளாக மாற்றி, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி பெறுவது. மற்றொன்று, முறி வருவாய்க்கு 14 சதவீதத்துக்கு மாறாக 30 சதவீத வரி செலுத்துவது. நிதியம் முதல் வழியை ஏற்றது.

வங்கிகளின் முறிகள் இத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. வங்கிகள் முன்பே உயர்வரி செலுத்துவதும், அவை தளர்ந்தால் வைப்பாளரின் நம்பிக்கை குலையும் என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவை புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. எனினும், பதறி வெளியேறக்கூடியவர் காக்கப்பட்டமையும், வெளியேற இயலாதவர் சுமை ஏற்றமையும் இதனால் வெளிப்படுகின்றன.

பேரம் பேசும் வலிமை

வெளிநாட்டு முறியாளர் குழு அமைத்து, ஆலோசகர்களை அமர்த்திப் பேச்சு நடத்தினர். 2024 டிசம்பரில் நிறைவேறிய பரிமாற்றத்தில் அவர்கள் அசலில் 27 சதவீதக் குறைப்பை ஏற்றனர். ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதல் தொகை பெறும் முறிகளும் அவர்களுக்குக் கிடைத்தன. சேமலாப நிதியத்தின் அசல் எண்ணளவில் குறைக்கப்படவில்லை. எனினும் பணவீக்கம் அதன் மதிப்பை முன்பே குறைத்திருந்தது. வளர்ச்சியில் பங்கு தரும் ஏற்பாடு எதுவும் அதன் புதிய முறிகளில் இல்லை.

முடிவுரை

கடன் விகிதம் அபாயத்தின் அளவைச் சுட்டலாம். அபாயம் யாரைச் சேரும் என்பதைச் சுட்டாது. அதனை அறியக் கடனின் நாணயம், முதிர்வுக் காலம், உரிமையாளர், வெளியேறும் வாய்ப்பு ஆகிய நான்கையும் சேர்த்து நோக்க வேண்டும். ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் அரசுப் பத்திரங்களில் வைப்பது பாதுகாப்பானது எனக் கருதும் எந்நாட்டுக்கும் இலங்கையின் அனுபவம் பொருந்தும். தம்மை முதலீட்டாளர் என ஒருபோதும் எண்ணியிராத தொழிலாளரே அந்நாட்டு அரசுக்கு நீண்டகாலக் கடன் அளித்தோராக இருந்தனர் என்பதை இவ்வாய்வின்வழி அறியமுடிகிறது.