பழைய பிக்கப்புக்கு வேறு கொம்பிரசர்: காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மன்னார் தீவில், பேசாலையிலும் தலைமன்னாரிலும் மீன் பெட்டி ஏற்றுகிற பிக்கப்புகளில் பல இன்னும் தொண்ணூறுகளின் வாகனங்கள்தான்: ஹைலக்ஸ், எல்200, நிசான் டபுள் கெப். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. விலையைக் கேட்டவர்கள் வீட்டில் நிற்கிற வாகனத்துக்கே எஞ்சின் செய்யப் போனார்கள். எஞ்சின் முடிந்தால் அடுத்தது ஏசி. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில் கண்ணாடியை இறக்கிவிட்டு முருங்கன் வரை ஓடியவருக்கு அது ஆடம்பரமாகத் தெரியாது.

கராஜில் பேச்சு ஒரே வரியில் முடியும்: "கொம்பிரசர் போயிட்டுது, வேற போட்டால் சரி." அந்த ஒரு வரியால் கையிலுள்ள காசு போவது வழக்கம். சில வேளை ஆளுக்கும் ஆபத்து வருகிறது.

முதலில் உங்கள் வாகனத்தின் ஏசி எந்தக் காஸுக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள். 1992க்கும் 1994க்கும் இடையில் பெரும்பாலான வாகனக் கம்பனிகள் ஆர்-12ஐ விட்டு ஆர்-134ஏக்கு மாறின. ஓசோன் படலத்தை அரிக்கிற ஆர்-12ஐ ஒழிக்க 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. நம்மைப் போன்ற நாடுகள் 2010உடன் அதை முற்றாக நிறுத்தவேண்டி இருந்தது. ஆகவே இன்று ஒருவர் "ஒறிஜினல் ஆர்-12 இருக்கு" என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். பொனட்டின் உட்புறத்து ஸ்டிக்கர் காஸின் பெயரைச் சொல்லும். ஸ்டிக்கர் உப்புக்காற்றில் உரிந்துபோயிருந்தால் காஸ் ஏற்றும் வாயைப் பாருங்கள். மரை போட்ட சின்ன வாய் என்றால் ஆர்-12. மரை இல்லாமல் அழுத்திப் பூட்டுகிற தடித்த வாய் என்றால் ஆர்-134ஏ.

காஸை மாற்றினால் எண்ணெயையும் மாற்றியே ஆகவேண்டும். கொம்பிரசருக்கு எஞ்சின் போலத் தனி எண்ணெய்க் கிண்ணம் கிடையாது. காஸோடு சேர்ந்து சுற்றிவரும் எண்ணெய்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. ஆர்-12 காலத்துக் கனிம எண்ணெய் ஆர்-134ஏயில் கரையாது. அது போன இடத்திலேயே, டாஷ்போர்டுக்குள் இருக்கிற எவப்பரேற்றரில், தேங்கிவிடும். கொம்பிரசர் வறண்டு ஓடிச் சில வாரத்தில் இறுகிப்போகும். பழைய எண்ணெயைக் கழுவி எடுத்துவிட்டு பிஏஜி அல்லது எஸ்டர் எண்ணெய் விடவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போடவேண்டும், மூட்டுகளில் உள்ள ஓ-ரிங்குகளையும் மாற்றவேண்டும். பழைய கொம்பிரசர் உடைந்து நின்றதென்றால் அதன் உலோகத் தூள் குழாயெல்லாம் பரவியிருக்கும். அதற்குள் வேறு கொம்பிரசர் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

பெரிய கொம்பிரசர் போட்டால் குளிர் கூடும் என்கிற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. சாண்டென் 508 இருந்த இடத்தில் அதே கம்பனியின் 7எச்15 போட்டால், ஒரு சுற்றுக்கு 138 கன சென்ரிமீற்றர் தள்ளிய இடத்தில் 155 தள்ளும். ஓட்டமும் அதிர்வு குறைந்து மென்மையாகும். ஆனால் தள்ளப்பட்ட வெப்பம் முன்னால் உள்ள கொண்டென்சர் வழியாகத்தானே வெளியேறவேண்டும்? கடும் வெயிலில் ஆர்-134ஏயின் அழுத்தம் ஆர்-12ஐ விட அதிகம். மன்னாரில் அந்தக் கொண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்பு தின்று பாதியாக்கியிருக்கும். மீன் ஏற்றுமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்து நிற்கையில் காற்றோட்டமும் இல்லை. என் கணிப்பில், இந்தக் கரையில் காசைப் புதுக் கொண்டென்சருக்கும் நல்ல மின்விசிறிக்கும் முதலில் செலவழிப்பவரே குளிரில் போவார். பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கொண்டென்சரைக் கழுவினால் போதும்.

இனி ஆபத்துகள். முதலாவது, மலிவுக் காஸ். ஆர்-12க்கு மாற்று என்று சொல்லி ஏற்றப்படுவதில் சில, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தவை. அடுப்புக் காஸும் அதே இனம்தான். குளிர் அருமையாக வரும், அதுதான் பொறி. 2021 கடைசியில் சமையல் காஸ் வெடிப்புகள் நாட்டையே உலுக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பிரிட்ஜிலும் எரியக்கூடிய காஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் இருப்பது சில பத்துக் கிராம், அதுவும் அதற்கென்றே வடிவமைத்த பெட்டியில். பழைய பிக்கப்பின் ஏசி பல நூறு கிராம் கொள்ளும். எவப்பரேற்றர் உங்கள் முழங்காலுக்கு முன்னால், அதன் பக்கத்திலேயே பொறி பறக்கும் புளோவர் மோட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு புரொப்பேன் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

இரண்டாவது, போலிச் சிலிண்டர். லேபலில் ஆர்-134ஏ, உள்ளே வேறொன்று. 2011இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்க் கொள்கலன்களுக்கு இப்படிப் போலிக் காஸ் ஏற்றப்பட்டு, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் வெடிப்பில் இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெதைல் குளோரைட் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும் பொருளை உண்டாக்கியது. நம் கொம்பிரசர்களின் உடலும் அலுமினியம்தான். நிழலில் பல மணி நேரம் இருந்த சிலிண்டரில் மானியை மாட்டச் சொல்லுங்கள். 30 பாகை வெப்பத்தில் உண்மையான ஆர்-134ஏ ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டவேண்டும். விலகி நின்றால் ஏற்றவிடாதீர்கள். சரியாகக் காட்டுவது மட்டும் முழு உறுதி ஆகாது, கலப்படம் சில நேரம் மானியையும் ஏமாற்றும்.

மூன்றாவது கராஜில் வேலை செய்பவரின் உயிரைப் பற்றியது. கசிவு பார்க்க அழுத்தம் ஏற்றும்போது நைதரசன் இல்லையென்று வெல்டிங் ஒட்சிசனைத் திறந்துவிடும் ஆட்கள் உண்டு. எண்ணெய் படிந்த குழாய்க்குள் அழுத்தத்தோடு ஒட்சிசன் போனால் குண்டுதான். அதைக் கண்டால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, வேலை முடிந்து காசும் கொடுத்தாயிற்று. ஒன்றரை மாதத்தில் கொம்பிரசர் இறுகிவிட்டது. என்ன செய்யலாம்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கராஜ் வேலையையும் சேவையாகவே பார்க்கிறது. சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும், போடும் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற உத்தரவாதம், யாரும் வாயால் சொல்லாவிட்டாலும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிறது. ரீகண்டிஷன் கொம்பிரசரைப் புதிது என்று விற்பது குற்றம். உத்தரவாதம் மீறப்பட்டது விசாரணையில் தெரிந்தால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

இதற்கொரு காலக்கெடு இருக்கிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்ற அல்லது சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். "அடுத்த கிழமை கொண்டுவாங்க, பார்த்துத் தாறன்" என்று கராஜ்காரர் நாலு தடவை சொன்னால் அந்த மூன்று மாதம் ஓடிவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் சட்டத்தின் கணக்கு நிற்காது.

பற்றுச்சீட்டு கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் வியாபாரி தந்தாகவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய கொம்பிரசருக்கு வெறும் "ஏசி பார்ட்ஸ்" என்று எழுதிய துண்டு உதவாது. மொடல் இலக்கம், புதிதா ரீகண்டிஷனா, உத்தரவாத நாள் எண்ணிக்கை மூன்றும் அதில் வேண்டும். அங்கே தருகிற "செக்கிங் வாரண்டி" பெரும்பாலும் சில நாள்தான். பஸ்ஸில் பொருள் மன்னார் வந்து, பூட்டி, ஓட்டிப் பார்ப்பதற்குள் அது தீர்ந்துவிடும். ஆகவே நாள் எண்ணிக்கையைப் பூட்டிய திகதியிலிருந்து தொடங்கும்படி முதலிலேயே பேசுங்கள். கராஜின் பில்லில் காஸின் பெயர், எத்தனை கிராம், எண்ணெயின் வகை, டிரையர் மாற்றியதா என்பவை வரவேண்டும். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகை சுவரில் தொங்குவதால் மட்டும் முறையிடும் உரிமை அற்றுப்போகாது.

அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். கடிதத்தை மாவட்டச் செயலகம் வழியாகவும் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பில் உள்ளது. அதிகார சபையின் வழி சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு தொகைப் பணத் தகராறு எப்படியும் நீதிமன்றம் போகும் முன் அந்தப் படியைத் தாண்டவேண்டும். உள்ளூர் கராஜோடு நாளைக்கும் முகம் பார்த்துப் பழகவேண்டியவருக்கு அதுவே உகந்தது என்பது என் எண்ணம். அதற்கு மேல் வழக்கு என்றால், வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இறுகிப்போன கொம்பிரசரை மட்டும் கழற்றிய இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். அதிலிருந்து வடிகிற எண்ணெயின் நிறமும் உள்ளே கிடக்கும் தூளும்தான் என்ன நடந்தது என்று சொல்லும். படம் எடுத்து, வாய்களை அடைத்து, உறையில் கட்டி வையுங்கள். விசாரணை முடியும் மட்டும் பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நின்றாலும் அதைப் போடவேண்டாம்.