கசடும் கழனியும்: ஒரு நகரம் ஒப்பந்தம் செய்யுமுன்

நகரத்தின் சாக்கடை நீரைத் தூய்மை செய்து ஆற்றில் விடுவதோடு நகரசபையின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தெளிந்த நீர் வெளியேறியபின், அதிலிருந்து பிரிந்த அழுக்கு நிலையத்திலேயே தங்கிவிடுகிறது. கரிய நிறமும் கடும் நாற்றமும் உடைய இச் சேற்றையே கசடு என்பர். நீர் எவ்வளவுக்கு நன்கு தூய்மை செய்யப்படுகிறதோ, அவ்வளவுக்குக் கசடும் மிகுதியாகச் சேரும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டு நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் தோன்றுகிறது. அதைத் தூய்மை செய்ய அமைக்கப்பட்டிருந்த நிலையங்களின் கொள்திறனோ 3,184 கோடி லிட்டரே. இக் குறையை நிரப்பப் புதிய நிலையங்கள் எழுந்தோறும் கசடும் பெருகும் என்பது தெளிவு. உலர்த்தும் களங்கள் நிரம்பிவிடுகின்றன. குப்பைமேட்டில் கொட்டினால் அக்கம்பக்கத்தார் எதிர்க்கின்றனர்.

இந்நிலையில் ஒரு நிறுவனத்தார் நகரசபையை அணுகி, “கசடு முழுவதையும் நாங்கள் எடுத்துச் சென்று எருவாக்கிவிடுகிறோம்; டன் ஒன்றுக்கு இவ்வளவு தொகை தந்தாற் போதும்; இருபது ஆண்டுகளுக்கு உங்களுக்குக் கவலை இல்லை” என்று கூறுவாராயின், உறுப்பினர்களுக்கு அது பெரும் விடுதலையாகவே தோன்றும். ஆயினும் கையொப்பம் இடுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். நகரம் பணம் கொடுப்பது கசடு வாயிலைக் கடந்து போவதற்கா, அல்லது நிலத்தில் இடத்தக்க நல்ல எரு உண்டாவதற்கா? இவ்விரண்டும் ஒன்றல்ல.

பழைய அறிவும் புதிய பொருளும்

கழிவை எருவாக்கும் கலையில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து, பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் கிளறிக் கூட்டெரு செய்யும் முறையை வகுத்தார். ‘இந்தூர் முறை’ என அது உலகெங்கும் பரவிற்று. 1939ஆம் ஆண்டில் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழிகளில் மாறிமாறிப் பரப்பி மண்ணால் மூடி மக்கச் செய்யும் ‘பெங்களூர் முறை’யை உருவாக்கினார், நகரசபைகள் பல அதனைக் கைக்கொண்டன.

இன்றைய கசட்டின் வரலாற்றிலும் பெங்களூருக்குப் பங்குண்டு. கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கித் தூய்மை செய்யும் முறையை 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் பௌலர் 1916ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

ஆயினும் பழைய கழிவுக்கும் இன்றைய கசட்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அன்று குழிக்கு வந்தது வீட்டுக் கழிவு. இன்று நகரச் சாக்கடையில் வீட்டு நீரோடு முலாம் பூசும் பட்டறை, சாயச்சாலை, தோல் பதனிடும் ஆலை, மின்கலத் தொழிற்கூடம் ஆகியவற்றின் நீரும் கலக்கிறது. அந்நீரில் உள்ளவற்றுள் பெரும்பகுதி கசட்டிலேயே வந்து படிகிறது.

குவியலினுள் நடப்பது

இயந்திரத்தால் பிழிந்த கசடும்கூட நூற்றில் எண்பது பங்கு நீராகவே இருக்கும். தனியே குவித்தால் காற்று புகாது. அழுகி நாற்றமே எழும். மேலும் கசட்டில் தழைச்சத்து மிகுதி, கரிச்சத்து குறைவு. நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்ய ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிச்சத்து வேண்டும். ஆதலின் மரத்தூள், வைக்கோல், சருகு, கரும்புச் சக்கை போன்ற உலர்பொருள் ஒன்றைக் கசட்டுடன் கலப்பது இன்றியமையாதது.

எவ்வளவு கலக்க வேண்டும்? 100 டன் கசட்டில் 80 டன் நீர் உண்டு. நூற்றுக்குப் பதினைந்து ஈரமுள்ள மரத்தூளைச் சேர்த்து, கலவையின் ஈரத்தை நூற்றுக்கு அறுபதாகக் குறைக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 44 டன் மரத்தூள் தேவைப்படும். அதாவது நாளொன்றுக்கு 100 டன் கசடு தரும் நகரம், நாள்தோறும் 44 டன் மரத்தூளுக்கு வழி தேட வேண்டும். அதனை யார் கொணர்வது, மழைக்காலத்தில் எங்கே காப்பது, விலை ஏறினால் யார் ஏற்பது என்பன பற்றி ஒப்பந்தம் வாய் திறவாவிடில், குவியல் நனைந்து நாறத் தொடங்கும் நாளில்தான் அக்குறை வெளிப்படும்.

கலவை சரியாக அமைந்தால் குவியல் தானே சூடேறும். இவ்வெப்பமே நோய்க் கிருமிகளையும், நாக்குப்பூச்சி என மக்கள் கூறும் குடற்புழுவின் முட்டைகளையும் அழிக்கிறது. அமெரிக்க நாட்டில் 1993ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, மூடிய கலத்திலோ காற்றூட்டிய குவியலிலோ 55 டிகிரி வெப்பம் மூன்று நாட்கள் நிலைத்திருக்க வேண்டும். வரப்புப்போல் நீளக் குவித்துக் கிளறும் முறையில், அவ்வெப்பம் பதினைந்து நாட்கள் இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை கிளறவும் வேண்டும். குவியலின் வெளிப்புறம் குளிர்ந்திருப்பதால், கிளறாவிடில் அங்குள்ள முட்டைகள் உயிரோடு தங்கிவிடும். வெப்பக்காலம் கழிந்தபின்னும் எரு பல வாரங்கள் கிடந்து முதிர வேண்டும். முதிராத எரு நிலத்தில் பயிருக்குரிய தழைச்சத்தைத் தானே கவர்ந்து, இளநாற்றை வாட்டும்.

வெப்பத்துக்கு அஞ்சாதவை

கிருமி வெப்பத்தால் மடியும், உலோகம் மடியாது. உப்பு நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு பாத்திரத்தில் தங்கும். அதுபோலவே கசடு மக்கும்போது கரிச்சத்தில் ஒரு பகுதி காற்றாய்ப் போய்விடும். காட்மியம், ஈயம், நிக்கல் முதலியன அப்படியே எருவில் தங்கும். ஆண்டுதோறும் அதனை இடும் நிலத்தில் அவை சிறிது சிறிதாகச் சேரும். நிலத்தில் சேர்ந்த உலோகத்தைத் திரும்ப எடுப்பது மிக அரிது.

இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் கூட்டெருவின் ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராமும், நிக்கல் 50 மில்லிகிராமும், ஈயம் 100 மில்லிகிராமும், துத்தநாகம் 1,000 மில்லிகிராமும் மிகலாகாது என விதித்துள்ளது. மேற்கூறிய அமெரிக்க விதி, தங்குதடையின்றி விற்கத்தக்க கசட்டெருவில்கூட காட்மியத்தை 39 மில்லிகிராம் வரையும், ஈயத்தை 300 மில்லிகிராம் வரையும் அனுமதிக்கிறது. எனவே அயல்நாட்டு அளவில் தேறிய எரு நம் நாட்டு அளவில் தவறக்கூடும். ‘உலகத் தரம்’ என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. எந்த நாட்டின் எந்த அளவு என்பதை எண்ணால் எழுத வேண்டும்.

இவ்வகையில் அகமதாபாத் நகரின் அனுபவம் கருதத்தக்கது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, கோபால்ட்-60 வெளியிடும் கதிர்களால் உலர்கசட்டின் கிருமிகளை அழிக்கும் ஆலை ஒன்று 2019ஆம் ஆண்டில் அங்கே இயங்கத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 100 டன் உலர்கசட்டைக் கையாள அது அமைக்கப்பட்டது. இதற்கு முன்னோடியான ஆலை வடோதராவில் 1992ஆம் ஆண்டு முதல் இயங்கிற்று. கதிர்வீச்சு கிருமியை ஐயமின்றி அழிக்கும்; ஆயின் உலோகத்தை அணுவளவும் குறைக்காது. அந்நகரின் சபர்மதி ஆற்று மாசு குறித்து 2021ஆம் ஆண்டில் குஜராத் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைகள் நகரச் சாக்கடையில் முறையின்றிச் செய்திருந்த இணைப்புகளைத் துண்டிக்குமாறும் ஆணையிட்டது. ஆற்றைக் காக்க எழுந்த அவ்வாணை கசட்டெருவுக்கும் பொருந்துவதே. எருவின் தரம் குவியலில் அல்ல, தொழிற்கூடத்தின் வாய்க்காலிலேயே தொடங்குகிறது. அவ்வாய்க்காலைக் காக்கும் அதிகாரம் ஒப்பந்தக்காரருக்கு இல்லை, நகரத்துக்கே உண்டு. அக் கடமையை எந்த ஒப்பந்தத்தாலும் பிறர்மேல் ஏற்றிவிட இயலாது.

அறியாமல் நேர்ந்த கேடும் உண்டு. எண்ணெயும் நீரும் ஒட்டாதிருக்கச் சமையற்கலங்களிலும் துணிகளிலும் பூசப்படும் புளோரின் சேர்ந்த சில இரசாயனங்கள் எளிதில் சிதைவதில்லை. கசடு இட்ட பண்ணைகளின் மண்ணிலும் நீரிலும் இவை காணப்பட்டமையால், அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022ஆம் ஆண்டில் கசட்டையும் கசட்டெருவையும் நிலத்தில் இடுவதைச் சட்டத்தால் தடுத்தது. நீண்ட காலம் நல்லதென நம்பிச் செய்த செயலை உழவர் விலை கொடுத்துத் திருத்த நேர்ந்தது. ஆதலின் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை அவ்வப்போது திருத்த ஒப்பந்தத்தில் இடம் இருத்தல் நன்று.

ஒப்பந்தத்தில் காண வேண்டியவை

முதலாவது, பணம் எதற்கு என்பது. எடுத்துச் செல்லும் கசட்டின் எடைக்கு மட்டும் தொகை கொடுத்தால், விரைவாக எடுத்துச் செல்வதே ஒப்பந்தக்காரருக்கு ஆதாயம். நன்றாக மக்க வைப்பது செலவு. தொகையின் ஒரு பகுதியையேனும் சோதனையில் தேறிய எருவின் எடையோடு இணைத்தால், அவர் நலமும் உழவர் நலமும் ஒன்றாகும். தேறாத குவியலை யார் செலவில் அகற்றுவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கசட்டின் அளவு பற்றிய உறுதி. ‘நாள்தோறும் இவ்வளவு டன் தருவோம், தராவிடினும் அதற்குரிய பணம் தருவோம்’ என நகரம் வாக்களிப்பது வழக்கம். நிறுவனத்தின் முதலீட்டைக் காக்க ஓரளவு உறுதி தேவையே. ஆயின் பின்னாளில் வேறு நல்ல வழி தோன்றினாலும், மாசுற்ற கசட்டைப் பிரித்து ஒதுக்க விரும்பினாலும், அவ்வுறுதியே நகரத்தின் காலில் விலங்காகும்.

மூன்றாவது, சோதனை. விற்பவரே தம் சரக்குக்குச் சான்று தருவது முறையன்று. நகரசபை ஊழியர் முன்னிலையில் மாதிரி எடுத்து, தனி ஆய்வுக்கூடத்தில் சோதித்து, குவியல்தோறும் முடிவைப் பொதுமக்கள் காண வெளியிட வேண்டும். குவியலின் வெப்பமும் நாள்தோறும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

நான்காவது, வேலை செய்வோர் நலம். கழிவுக் குழிகளையும் சாக்கடைகளையும் காப்பின்றி மனிதரைக் கொண்டு தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டதனால் நகரத்தின் பொறுப்பு நீங்குவதில்லை.

இவை யாவும் திறந்த மன்றத்தில் ஆராயப்படல் வேண்டும். அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரமன்றம் 2007ஆம் ஆண்டில் பெரியதொரு கசடு ஒப்பந்தத்தை ஐந்துக்கு நான்கு என்னும் வாக்குக் கணக்கில் ஏற்றது. அதன் தொடர்பில் மன்ற உறுப்பினர் ஒருவர் 2009ஆம் ஆண்டில் கையூட்டுச் சதிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. கசடு எவரும் பார்க்க விரும்பாத பொருள். அதனாலேயே அதன் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைத்தல் வேண்டும்.

எருவை யார் வாங்குவர்?

உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கூட்டெருவில் நூற்றுக்கு 0.8 பங்கு தழைச்சத்தேனும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவில், ஒரு டன் எருவில் 8 கிலோ தழைச்சத்து உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. ஆகவே ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக இரண்டரை டன் எருவை வண்டியில் ஏற்ற வேண்டும். தழைச்சத்தை மட்டும் நோக்கினால் கூட்டெரு தொலைவு சென்று விலைபோகாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காப்பதே அதன் சிறப்பு. அதனைக் கண்டறிந்த உழவரே மீண்டும் வாங்க வருவர். வண்டிச்செலவு கருதியே 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு நகரக் கூட்டெருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அளிக்க முடிவு செய்தது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926ஆம் ஆண்டு முதல் தன் கசட்டை வெப்பத்தால் உலர்த்தி, ‘மிலார்கனைட்’ என்னும் பெயரிட்டுப் புல்வெளிகளுக்கும் தோட்டங்களுக்கும் விற்றுவருகிறது. அது கூட்டெரு அன்று. ஆயினும் அதிலிருந்து ஒரு பாடம் பெறலாம். முதலில் வாங்குவோர் யார் எனத் தேர்ந்து, அவர்க்கேற்ற தரத்தை ஆண்டுதோறும் மாறாமல் காத்தமையாலேயே அது நிலைத்தது.

ஊழியரும் ஆசிரியரும்

ஒப்பந்தம் நகரசபையில் எழுதப்பட்டாலும் அதன் பலனை முதலில் காண்போர் களப்பணியாளரே. கசட்டெரு ஊருக்குள் வரும்போது, அந்தக் குவியலுக்குரிய சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குவது அவர்தம் முதற் கடமை. சான்று இருப்பினும், பச்சையாக உண்ணும் காய்களுக்கும் கீரைக்கும் அதனை விலக்கி, மரப்பயிர்களுக்கும் நார்ப்பயிர்களுக்கும் முதலில் பரிந்துரைப்பது நன்று.

ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிய சோதனைகள் இரண்டைச் செய்து காட்டலாம். ஈரமான கூட்டெருவைச் சிறிது பையில் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறந்தால், முதிர்ந்த எரு மண்வாசம் வீசும், முதிராதது நாறும். மற்றொன்று, எரு கலந்த மண்ணிலும் வெறும் மண்ணிலும் பச்சைப்பயறு விதைத்து, முளைத்த எண்ணிக்கையை ஒப்பிடுவது. இவை முதிர்ச்சியை உணர்த்தும். உலோகத்தைக் கண்ணும் மூக்கும் அறியா. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும் என்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

நிலத்திலிருந்து நகரத்துக்கு உணவாய் வந்தது எருவாய் நிலத்துக்கே திரும்புதல் இயற்கையின் நெறி. அந்நெறியில் நகரம் தன் சுமையை மட்டும் உழவரிடம் இறக்கிவைத்தால், இருபது ஆண்டு ஒப்பந்தம் முடிந்தபின் நிறுவனம் போய்விடும். நிலமும் அதில் சேர்ந்ததும் உழவரிடமே இருக்கும். ஆதலின் கையொப்பம் இடும் நாளில் மன்றத்தில் அமர்வோர், அவ்வெருவைத் தம் சொந்த வயலில் இட இசைவரா என்பதைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது தகும்.