பழரசம்போல் இனிக்கும் போத்தலுக்குள் எவ்வளவு மது இருக்கிறது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவினர்கள் வந்திறங்கும்போது சொக்லேட், சவர்க்காரம், வாசனைத் திரவியம் என்பவற்றோடு போத்தல்களும் வருவது புதிதல்ல. முன்பு அது பெரும்பாலும் விஸ்கியாக இருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் வண்ணமயமான சிறு போத்தல்களும் ரின்களும் இருக்கின்றன. மார்கரீட்டா, மோஹிட்டோ, மை தாய் என்று பெயர் எழுதி, தேசிக்காயும் அன்னாசியும் படம் போட்டிருக்கும். தொழிற்சாலையிலேயே கலந்து அடைக்கப்பட்ட கொக்டெயில்கள் இவை. மூடியைத் திறந்தால் குடிக்கலாம். "சும்மா ஜூஸ் மாதிரித்தான், ஒண்டும் செய்யாது" என்று சொல்லி, வழமையாகக் குடிக்காதவர்களிடமும் இளையவர்களிடமும் முதலில் நீட்டப்படுவதும் இவைதான்.

ஜூஸ் மாதிரி இருப்பது உண்மைதான். பிரச்சினை ஆரம்பிப்பதும் அந்த இடத்தில்தான். அதை விளங்கிக்கொள்ள மார்கரீட்டாவை விட்டுவிட்டுப் பனங்கள்ளைப் பார்ப்பது சுலபம்.

பாளையில் இருந்து வடியும் சாறு இனிப்பானது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பணியாக, இனிப்பு மாறாமல் இறங்கும். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். அது சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. கள்ளு நுரைப்பது அந்த வாயுவால்தான். சீனியின் நிறையில் பாதியளவு மதுசாரமாகிறது, மீதி காற்றோடு போய்விடுகிறது. அதாவது, கள்ளில் மதுசாரம் கூடக் கூட இனிப்புக் குறையும், புளிப்பு ஏறும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தவறணைக்குப் போகிறவரின் நாக்கு சொல்லிவிடும்.

போத்தல் கொக்டெயிலில் இந்தக் கணக்குக் கிடையாது. வடித்தெடுத்த மதுவான வொட்காவிலோ ரம்மிலோ ரெக்கிலாவிலோ சீனி இல்லை என்றே சொல்லலாம். அதற்குள் சீனிப் பாகும் பழச்சுவையும் அமிலமும் தனியாகச் சேர்க்கப்படுகின்றன. மதுசாரம், சீனி இரண்டையுமே விரும்பிய அளவுக்கு ஏற்றலாம். எரிவும் கசப்பும் இனிப்புக்குள் ஒளிந்துவிடுவதால், இது கடுமையானது என்று நாக்கு எச்சரிப்பதும் நின்றுபோகிறது.

ஆகவே நாக்கை நம்பாமல் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் போத்தலில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் போதும். மில்லிலீற்றர் அளவை மதுசார வீதத்தால் பெருக்கி 100 ஆல் பிரித்தால், உள்ளே இருக்கும் தூய மதுசாரம் எத்தனை மில்லிலீற்றர் என்று வரும். அதை 0.8 ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி. ஒரு கிராம் சீனியில் 4. ஒரு கிராம் கொழுப்பில் 9. மதுசாரம் சீனியைவிடக் கொழுப்புக்குக் கிட்ட நிற்கும் பொருள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

5 வீத மதுசாரம் கொண்ட 330 மில்லிலீற்றர் பியரில் 13 கிராம் மதுசாரம் இருக்கும். அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 90 கலோரி. அதே அளவும் அதே வீதமும் கொண்ட இனிப்புக் கொக்டெயில் போத்தல்கள் சிலவற்றில் 30 கிராம் வரை சீனியும் இருக்கிறது. அப்படியானால் இன்னுமொரு 120 கலோரி. மொத்தம் 210, ஒரு கோப்பைச் சோறு அளவு. உலக சுகாதார ஸ்தாபனம் சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது. இந்த ஒரு போத்தலே அந்த 25 ஐத் தாண்டிவிடும்.

ஆனால் எல்லா ரின்னும் 5 வீதம் அல்ல. அமெரிக்காவில் விற்பனையாகும் கட்வோட்டர் லைம் மார்கரீட்டா 355 மில்லிலீற்றர், 12.5 வீதம். கணக்குப் போட்டால் 35 கிராம் மதுசாரம் வருகிறது. மேலே சொன்ன பியரில் இரண்டரைப் போத்தலுக்கும் கூட. கையில் இருப்பதோ ஒரு சோடா ரின் அளவுதான். மதுசாரத்தை ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்து முடிக்கும். அந்த ஒரு ரின் உடலைவிட்டு நீங்க நான்கு மணித்தியாலம் தேவை. அரை மணித்தியாலத்தில் இரண்டைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்ல யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

அளவை மறைப்பது பற்றி அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. ஃபோர் லோகோ என்ற பழச்சுவைப் பானம் ஏறத்தாழ 695 மில்லிலீற்றர் ரின்னில், 12 வீத மதுசாரத்துடன் வந்தது. ஆரம்பத்தில் அதில் கஃபீனும் இருந்தது. போதை ஏறுவது தெரியாமல் விழிப்பாக வைத்திருக்கும் கலவை அது. 2010 நவம்பரில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்ததைத் தொடர்ந்து கஃபீன் நீக்கப்பட்டது. பின்னர் மத்திய வர்த்தக ஆணைக்குழு வேறொரு குற்றச்சாட்டை வைத்தது. ஒரு ரின் ஒன்றிரண்டு பியருக்குச் சமன் என்று நிறுவனம் காட்டிக்கொண்டாலும், உண்மையில் நான்கு ஐந்து பியருக்குச் சமன் என்பதே அது. 2013 இல் இறுதியான உத்தரவின்படி, எத்தனை பியருக்குச் சமன் என்பதை அந்த ரின்னில் அச்சிட வேண்டியதாயிற்று.

இப்போது சந்தை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. "சீனி குறைவு", "100 கலோரி மட்டும்" என்ற வரிகளோடு மெலிந்த ரின்கள் வருகின்றன. வைட் குளோ அதில் பிரபலமானது. 355 மில்லிலீற்றர், 5 வீதம், 2 கிராம் சீனி, 100 கலோரி. இதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 14 கிராம் மதுசாரம், அதாவது 98 கலோரி. அந்த நூறில் ஏறத்தாழ முழுவதுமே மதுசாரத்தில் இருந்து வருவதுதான். சீனியை எடுத்தது நல்லதே. அதனால் அது உடலுக்கு நல்ல பானமாகிவிட்டதுபோல் பேசுவது விளம்பரக்காரரின் கெட்டித்தனம்.

சீனி இல்லாத கலவைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் 8 ஆண்களை வைத்து நடத்திய சிறிய ஆய்வு ஒன்று 2006 இல் வெளியானது. ஒரே அளவு வொட்காவை ஒரு நாள் சீனிப் பானத்துடனும் மற்றொரு நாள் சீனியற்ற பானத்துடனும் கொடுத்தார்கள். சீனியற்றது இரைப்பையில் இருந்து வேகமாக வெளியேறியது; இரத்தத்தில் மதுசாரத்தின் உச்ச அளவும் கூடுதலாக இருந்தது. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 'டயட்' என்ற சொல்லைக் கண்டு இன்னொரு கிளாஸ் ஊற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்கலாம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கைப் பற்றிய கதை என்று தோன்றலாம். எங்கள் ஊரில் கொக்டெயில் என்ற பெயர் இல்லாமலே அதே கலவை நடக்கிறது. கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். 33.5 வீதம் என்று எடுத்தால் 48 கிராம் மதுசாரம், 330 கலோரிக்கும் மேல். அதை இறக்க 400 மில்லிலீற்றர் இனிப்புச் சோடா. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்றால் 40 கிராம், இன்னுமொரு 160 கலோரி. மொத்தம் 500 ஐத் தொடுகிறது. பியர் லேசானது என்கிறவர்களுக்கு: இங்கு பரவலாகக் குடிக்கப்படும் 8.8 வீத பியரின் 625 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராம் மதுசாரம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்துக்கு அது அதிகம் பின்னால் இல்லை.

இதில் ஒரு விநோதமும் உண்டு. அந்தச் சோடாப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கும். 2016 முதல் இலங்கையில் நடைமுறையில் உள்ள விதி அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். பக்கத்தில் நிற்கும் மதுப் போத்தலுக்கு அப்படி எதுவும் இல்லை. இது இலங்கையின் குறை மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு உணவுத் தகவல் விதி, 1.2 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பானங்களுக்குக் கலோரி, சேர்மானங்களை அச்சிடுவதில் இருந்து விலக்களித்தது. வைனுக்கு மட்டும் 2023 டிசம்பரில் அந்த விலக்கு நீங்கியது. அமெரிக்காவில் மதுசாரம், கலோரி, காபோவைதரேற்று போன்ற விபரங்களைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு ஒன்று 2025 ஜனவரியில் வந்தது. ஒரு பிஸ்கற் பக்கற் சொல்லும் விபரத்தை மதுப் போத்தல் சொல்ல வேண்டியதில்லை என்று இவ்வளவு காலம் விட்டுவைத்திருப்பது யாருக்கு வசதி என்று விளக்கத் தேவையில்லை.

எங்கள் சமூகத்தில் குடியைப் பற்றிப் பேசும்போது நித்திரையைப் பற்றியும் பேச வேண்டும். போர் முடிந்த 2009 இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. "குடிச்சால்தான் கண் மூடலாம்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மதுசாரம் முதல் சில மணித்தியாலங்கள் ஆழமாக உறங்க வைக்கும். பின்னிரவில் அது குறையும்போது உறக்கம் துண்டு துண்டாகும். முன்னிரவில் அடக்கி வைக்கப்பட்ட கனவுகள் மொத்தமாகத் திரும்பும். செல் விழுந்த சத்தத்தையும் பதுங்குகுழியையும் இன்னும் கனவில் காண்பவருக்கு அந்த விடியற்காலை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த இரவு அளவு கொஞ்சம் கூடும். இனிப்பான போத்தல் என்பதால் இந்தச் சுழற்சி மாறுவதில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து இதைப் பற்றிப் பேசலாம்.

உடனடி ஆபத்து நீரிழிவு உள்ளவர்களுக்கு. இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு என்று சொன்ன 2005-06 காலப்பகுதி ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. எண்ணப்படாவிட்டாலும் நோய் எங்களை விட்டுவைக்கவில்லை என்பதை எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக் நாளிலும் வரிசையைப் பார்த்தால் தெரியும்.

இனிப்புக் கொக்டெயில் குடித்தால் சீனி ஏறும் என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். முதலில் ஏறுவது உண்மை. ஆபத்தானது அதற்குப் பின்னால் வருகிறது. சாப்பிடாத நேரங்களில் இரத்தத்துக்கு குளுக்கோஸ் கொடுப்பது ஈரல்தான். மதுசாரத்தை எரிக்கும் வேலையில் ஈரல் மாட்டிக்கொள்ளும்போது புதிதாகக் குளுக்கோஸ் உருவாக்குவது தடைப்படுகிறது. இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகள் எடுப்பவருக்கும் பல மணித்தியாலங்கள் கழித்து, பெரும்பாலும் நித்திரையில், சீனி அபாயகரமாக இறங்கலாம். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் ஆபத்து இரட்டிக்கும். மெற்போமின் எடுப்பவர்கள் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. கிளினிக்கில் குடிப்பதை மறைப்பவர்கள் அதிகம். வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவையாவது அதற்கேற்பப் பார்க்க முடியும்.

இன்னொரு சிக்கல், சீனி இறங்கியவரும் வெறியில் இருப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். தள்ளாட்டம், குழறிய பேச்சு, எரிச்சல், வியர்வை. "வெறி முறியட்டும், படுக்க விடுங்கோ" என்று கொண்டாட்ட வீட்டில் விட்டுவிடுவார்கள். அவர் நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர் என்று தெரிந்தால் அப்படி விடக்கூடாது. வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் உடனே பாருங்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனித் தண்ணீர் கொடுத்து, பிறகு சோறோ பாணோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வந்தவர்களிடம் அவர் என்ன மருந்து எடுக்கிறார், என்ன குடித்தார் என்று சொல்லி, வெறும் போத்தலையும் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் எழுதியிருக்கும் வீதமும் மில்லிலீற்றரும் வைத்தியருக்குத் தேவைப்படும்.