களஞ்சிய மறுசீரமைப்பும் சேவையகக் கோப்புகளும்

மென்பொருட் களஞ்சியமொன்று ஆண்டுகள் பல கடந்து வளருமிடத்து, அதன் அடைவுகளை மறுசீரமைக்கும் தேவை எழுவது இயல்பே. நிரற் கோப்புகளும், அந்நிரலை இயக்கும் சேவையகத்தின் உள்ளமைவுக் கோப்புகளும் ஒரே களஞ்சியத்தில் இருப்பின், இப்பணி இருவேறு இயல்பினதாகின்றது. அவ்வேறுபாட்டையே ஈண்டு நாம் நோக்க முற்படுகின்றோம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய கிற் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை, கோப்பொன்றை அதன் உள்ளடக்கத்தினின்று கணிக்கப்படும் அடையாள எண்ணால் அறிகின்றது. பெயரும் இடமும் வேறாகவே பதியப்படுகின்றன. கோப்பு இடம்பெயர்ந்த செய்தியை அது எழுதி வைப்பதில்லை. வரலாற்றை நாம் வினவும்போதே, மறைந்த கோப்பையும் தோன்றிய கோப்பையும் ஒப்பிட்டு, வழமையாக 50 வீதமாவது ஒத்திருப்பின் பெயர்மாற்றம் எனக் கொள்கின்றது. இடமாற்றத்தையும் பெருந்திருத்தத்தையும் ஒரே பதிவிற் செய்வோர் இவ்வொப்புமையைத் தாமே சிதைத்துவிடுகின்றனர். இடம் மாற்றிப் பதிந்த பின்னரே திருத்துதல் வேண்டும்.

சேவையகமோ கோப்பை முகவரியால் மட்டுமே அறியும். டெபியன் இயங்குதளத்தில் என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகத்தை நிறுவின், தளங்களுக்குரிய கோப்புகள் ஓர் அடைவிலும், அவற்றைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகள் மற்றோர் அடைவிலும் வைக்கப்படுதல் மரபு. அவ்விணைப்புகளை நேரே களஞ்சியத்தை நோக்கித் திருப்பிவிடுவோரும் உளர். அங்ஙனமாயின், களஞ்சியத்தில் அடைவொன்றின் பெயர் மாறியதும் இணைப்பு இல்லாத இடத்தைச் சுட்டும். ஆயினும் தளம் உடனே வீழ்வதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகம் முன்னர் வாசித்த உள்ளமைவையே நினைவகத்திற் கொண்டிருக்கும்; மீள வாசிக்குமாறு பணித்தாலும், பிழையைக் கண்டு பழையதையே தொடரும். மாதங்கள் கழித்து, மின்தடைக்குப் பின் கணினி மீளத் தொடங்குகையிலேயே அது இயங்க மறுக்கும். அப்பொழுது காரணந் தேடுவோர் அன்றைய மாற்றங்களை ஆராய்வரேயன்றி, என்றோ நிகழ்ந்த பெயர்மாற்றத்தை நினையார். எமக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. ஆகவே, இடம் மாற்றிய அன்றே உள்ளமைவுச் சோதனைக் கட்டளையை இயக்குதலும், இயலுமாயின் சேவையகத்தை முற்றாக நிறுத்தித் தொடக்கிப் பார்த்தலும் இன்றியமையாதன.

இத்தகைய மறுசீரமைப்பின்போது, உள்ளமைவுக் கோப்புகளில் எவரோ எழுதிவைத்த கடவுச்சொற்கள் அகப்படுதலும் உண்டு. அவற்றை அழித்துப் புதிதாகப் பதிதல் போதாது. பழைய பதிவுகளிலும், பிறர் எடுத்துச்சென்ற படிகளிலும் அவை நிலைத்திருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதக் கருவிகள் உள. எனினும், திருத்திய இடத்தினின்று பின்வரும் பதிவுகள் அனைத்தின் அடையாள எண்களும் மாறிவிடுமாதலால், உடன் பணிபுரிவோர் யாவரும் களஞ்சியத்தைப் புதிதாகப் படியெடுக்க நேரும். அவ்வுழைப்பில் இறங்குமுன் செய்யவேண்டியது, அக்கடவுச்சொற்களைச் சேவையகத்திலேயே மாற்றிவிடுதல்.